படுவான்கரையில் அறுத்த ஆடுகள்

மகனே, உனக்கும் உன் பெண்சாதிக்கும் உம்மாவின் ஸலாம். நீ துபாய்க்குப் புறப்பட இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி, உன் மாமியார் வீட்டில்தான் இருக்கிறாய். ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனால் வந்தால் உட்காரமாட்டாய். உட்கார்ந்தாலும் உன்னோடு நாலு கூட்டாளிமார் உட்காருவார்கள், அவர்களுக்குத் தேநீர் ஊற்றவே எனக்கு நேரம் சரியாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உம்மாவுக்கு இவ்வளவு எழுதத் தெரியுமா என்று நீ ஆச்சரியப்படக்கூடும். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள், எழுத்தை யாரும் மறிக்கவில்லை. உன் வாப்பா கொழும்பில் நின்ற நாட்களில் நான் அவருக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்திருந்தால் இது உனக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் பாதி சண்டைதான், அது வேறு கதை.

நம்முடைய காத்தான்குடியில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வீடும் வளவும் மகளுக்கு. மகன் இன்னொருத்தி கட்டிவைத்த வீட்டில் போய் மாப்பிள்ளையாக உட்காருவான். அதற்கு நான் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டேன். நீ பிறந்த அன்றே உன் மாமி ஒருத்தி, "ஆம்புளப் புள்ள, அடுத்தவட வாசலுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போன மாதம் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஒழுங்கையில் இறங்கியபோது நான் அழவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். கடல் தாண்டிப் போவாய் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. அதற்கு வெங்காயம் போதாது.

உன் கலியாண விருந்தன்று நீ உன் மாமாமாருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நம்முடைய வியாபாரம் இனி எப்படி வளரப்போகிறது என்று விளக்கியதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாய். அரபு நாடுகளில் எண்ணெய்க் காசு கொட்டுகிறது என்றாய். முன்போல இல்லை, அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது, வெளியே சாமான் அனுப்ப இப்போது கந்தோர் கந்தோராக அலையத் தேவையில்லை என்றாய். பாலைவனத்தில் ஆடு மேய்க்கப் புல் இல்லை, அவர்கள் இறைச்சிக்கு வெளியூரைத்தான் பார்க்கவேண்டும் என்றாய். நம்முடைய பையன்கள் விமானம் விமானமாக அங்கே போய் இறங்குகிறார்கள், அவர்களுக்கு ஊர்ச் சாப்பாட்டின் நினைவு வந்தால் நாக்கு சும்மா இருக்குமா என்று கேட்டாய். உன் மாமாமார் தலையாட்டிய ஆட்டத்தில் தொப்பி கழன்று விழாதது பெரிய காரியம். உன் வாப்பா உயிரோடு இருந்திருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து, வாய் மூடாமல் கேட்டிருப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியாக ஒன்று சொன்னாய்: "எல்லாத்துக்கும் மேல நம்மட சாமான் ஹலால். அதப் பத்திப் பேசவே தேவையில்ல." சொல்லிவிட்டு வட்டிலப்பத்தில் கையை வைத்துவிட்டாய்.

மற்ற விரல்களுக்கெல்லாம் அவ்வளவு நேரம் எடுத்தாய். இந்த விரலை ஒரு நொடியில் மடக்கிவிட்டாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. பேசத் தேவையில்லை என்று நீ விட்ட அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். எனக்குக் கலியாணமான புதிதில் உன் வாப்பா நம்முடைய ஊர் நெசவுச் சாரன்களைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போவார். வழியில் சாப்பிட நான் ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் மிளகும் பிரட்டிக் காயவைத்து, பொரித்துக் கட்டிக்கொடுப்பேன். அங்கே புறக்கோட்டைச் சந்தையில் மாசிக் கருவாடு விற்கும் மாலைதீவுக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம். ஒருநாள் இருவரும் ஒரே சகனில் சாப்பிட உட்கார்ந்தபோது இந்த வற்றல் அவருடைய வாயில் பட்டுவிட்டது. அவருடைய தீவுகளில் மீனுக்குக் குறைவில்லை, இறைச்சிக்குத்தான் வழியில்லை. நோன்பு நாட்களில் ஒரு துண்டு இறைச்சி கிடைத்தால் பெருநாள் மாதிரி. வற்றல் என்றால் ஓடத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் கெடாது. "அடுத்த முற வரக்குள்ள ஒரு சாக்கு கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, ஏதோ ராசா கூப்பிட்டு மாலை போட்ட மாதிரி அதைச் சொன்னார். அப்போது ஏற்றுமதி என்ற சொல் எங்கள் வீட்டுப் படலைக்குள் வந்ததே இல்லை. மாசிக்காரருக்கு வத்தல் அனுப்புகிறோம் என்றுதான் சொல்வோம்.

அந்த மாசிக்காரர் இறைச்சியின் விலையைக் கேட்குமுன் ஒரு கேள்வி கேட்டாராம்: "யார் அறுத்தது?" உன் வாப்பா நம்முடைய லெப்பையின் பெயரைச் சொன்னார். உனக்கு ஓதிக்கொடுத்த அதே லெப்பைதான். லெப்பை ஒருமுறை கொழும்புக்குப் போய், மாசிக்காரர் தொழும் பள்ளிவாசலில் இமாமாக நின்று தொழுவித்திருக்கிறார். மாசிக்காரர் அவருக்குப் பின்னால் நின்று தொழுதிருக்கிறார். அவ்வளவுதான், வேறு முத்திரை ஒன்றும் தேவைப்படவில்லை. நீ இதை யோசித்துப் பார். பச்சை இறைச்சி என்றால் பார்த்துச் சொல்லலாம். காய்ந்த பிறகு ஆடா, மாடா, மானா என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. படுவான்கரைக் காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் பன்றி இறைச்சியையும் இதே மாதிரித்தான் உப்பிட்டுக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதே நிறம், அதே சுருக்கம். ஓதி அறுத்ததா, செத்ததை அறுத்ததா என்பது அதைவிடத் தெரியாது. வாங்குகிறவன் கடலுக்கு அந்தப்பக்கம் நின்று உன்னுடைய சாக்கை நம்பவில்லை மகனே, யாரோ ஒரு ஆளைத்தான் நம்புகிறான்.

ஆடுகள் எல்லாம் வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில்தான் இருந்தன. களுவாஞ்சிக்குடி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தோணி ஏறிப் பழுகாமத்துப் பக்கம் இறங்குவோம். அங்கே பூமணி அக்கா என்று ஒரு தமிழ்ப் பெண், புருஷன் இல்லாதவள், ஒரு பட்டி ஆடு வைத்திருந்தாள். முதலில் ஆடுகளைத் தோணியில் ஏற்றி இந்தப்பக்கம் கொண்டுவந்து பார்த்தோம். ஆடு பயந்து இளைத்துப்போகும், ஊருக்குள் ஈயும் புழுதியும் வேறு. பிறகு நாங்களே அங்கே போய், அவளுடைய வளவுக்குப் பக்கத்து வட்டையில் கம்பு நட்டு, கயிறு கட்டி, அங்கேயே அறுத்துக் காயவைத்து எடுத்துவரத் தொடங்கினோம். விளைச்சல் இல்லாத காலத்தில் அந்த வயல்வெளி முழுக்க வெறுமையாகக் கிடக்கும். கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும்போது குறுக்கே ஒரு சுவர் இல்லை. காலையில் கட்டிய இறைச்சி மறுநாள் மாலைக்குள் கடகடவென்று காய்ந்துவிடும்.

என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கச்சான் மாதங்களைத்தான் சொல்வேன். கொட்டிலில் படுக்கை, கல்லடுப்பில் சோறு. உன் வாப்பா ஒரு தென்னோலையை வைத்துக்கொண்டு காகமும் பருந்தும் விரட்டுவார், விரட்டிக்கொண்டே எனக்குக் கொழும்புக் கதை சொல்வார். காற்று பாதிக் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நான் "என்ன, என்ன" என்று கத்துவேன். உனக்கு மூத்தவள், உன் ராத்தாவுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். ஊரில் என்றால் அவளை வெளிவாசலுக்கே விடமாட்டோம், அங்கே அவள் முக்காடு பறக்க அந்த வட்டையில் ஓடித் திரிந்தாள். நீ கொழும்பில் மாமா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாய். அந்த நாட்களில் நீ இல்லாதது இன்றைக்கும் எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் நோன்பு மாரியில் வந்தது. காற்று மாறியதும் மாசிக்காரரின் ஓடம் கொழும்பிலிருந்து கிளம்பிவிடும், அதற்குள் வற்றல் அவருடைய கைக்குப் போகவேண்டும். முதல்முறையாக அவர் தன் தீவுக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். உன் வாப்பா சாரன் வியாபாரத்தை முற்றாக விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். நாங்கள் மூவரும் முன்னதாகப் போய்க் கயிறு கட்டிவிட்டோம். லெப்பை மறுநாள் விடிய வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று கச்சான் பிடித்தது பார், அப்படியொரு பிடியை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாவியில் நுரை எழும்பியது. எங்கள் ஊர்ப்பக்கமான எழுவான்கரையிலிருந்து எந்தத் தோணியும் காற்றை எதிர்த்து ஏற முடியாது என்று கரையில் நின்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

"புள்ள, லெப்பை வரமாட்டார் போல" என்றார் உன் வாப்பா.

"காத்து நிண்டா வருவார்தானே."

"காத்து நிண்டா லெப்பை வருவார். ஆனா இறைச்சி காயாது."

சொல்லிவிட்டு அவர் மேற்கே பார்த்தார். அங்கே தூரத்தில் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. இந்தக் காற்று போனால் அடுத்தது மழைதான் என்று பூமணி அக்காவும் சொன்னாள். சுற்றுவட்டத்தில் ஒரு முஸ்லிம் ஆண் கிடையாது, இவரைத் தவிர.

"அப்ப நீங்க அறுங்க. நீங்களும் கலிமாச் சொன்ன ஆம்புளதானே?" என்றேன்.

"எனக்கு ஏலா எண்டு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். மீன் செவுளில் இரத்தத்தைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். இறைச்சி வியாபாரத்துக்கு அல்லாஹ் தேடிப் பிடித்துக் கொடுத்த ஆள் அவர். ஆனாலும் நான் முறைத்த முறைப்பில் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். பூமணி அக்கா என்னிடம் வந்து, "அறுக்கக்குள்ள பேரச் சொல்லிக் கூப்பிட்டுராதங்க ராத்தா. அதுகள் நான் கூப்பிடுறன் எண்டு நினைச்சித் திரும்பிப் பாக்கும்" என்று சொல்லிவிட்டு தன் வளவுக்குள் போய்ப் படலையைச் சாத்திக்கொண்டாள். ஆட்டை நாம் தொழும் கிப்லாப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம். உன் ராத்தா பின்னங்காலைப் பிடித்தாள். அவர் பிஸ்மி சொன்னார், கத்தியை வைத்தார், பாதியில் கையை எடுத்துவிட்டார். முகம் வெளுத்து நின்றுகொண்டிருக்கிறார். ஆடு துடிக்கிறது. அந்தத் துடிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவருடைய கையிலிருந்து கத்தியைப் பறித்து நான் முடித்துவிட்டேன்.

அந்த ஆட்டை நாங்கள் சேர்க்கவில்லை. பாதியில் கத்தி எடுத்ததால் சந்தேகம். பூமணி அக்கா, "எங்களுக்கு அதெல்லாம் இல்ல, நாங்க திம்பம்" என்று அதை எடுத்துக்கொண்டாள். அவர் ஒரு மரத்தடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். நான் கையைக் கழுவினேன், கத்தியைக் கழுவினேன், கல்லில் தீட்டினேன். என் வாப்பாவும் அறுக்கிறவர்தான், அவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் காலைப் பிடித்தவள் நான். எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தி, எப்படி ஒரே இழுப்பில் என்பதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியும், கைக்குத்தான் புதிது. "அடுத்ததக் கொண்டு வா மகள்" என்றேன். உன் ராத்தா என்னைப் பார்த்தாள், போய் அடுத்ததைக் கொண்டுவந்தாள். அன்று பொழுது சாயும்வரை நான்தான் அறுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மியும் தக்பீரும் சொன்னேன். ஒவ்வொன்றும் முற்றாக அடங்கும்வரை தோலில் கை வைக்கவில்லை.  இரவு படுத்த பிறகு உன் வாப்பா, கத்தி பிடித்த என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

காற்று சற்றுத் தணிந்ததும் லெப்பை வந்துவிட்டார். கயிற்றில் வரிசையாகத் தொங்கும் இறைச்சியைப் பார்த்தார். "ஆரு அறுத்த?" என்று கேட்டார். உன் வாப்பா, "இவதான்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். லெப்பை கொட்டில் வாசலில் உட்கார்ந்தார். பிறகு நான் எப்படி அறுத்தேன், என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். "மார்க்கக் கிதாபுல ஒரு பிழையும் இல்ல. பொம்புள அறுத்தாலும் ஹலால்தான்" என்றார். "ஆனா ஊரு கிதாபப் பாத்தா சாப்பிடுது?" என்று கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். அவர் நல்ல மனிதர் மகனே, எங்களுக்கு ஒரு வழி காட்டத்தான் அடுத்ததைச் சொன்னார். "நான் அறுத்த எண்டு சொல்லுங்க. ஹலாலான இறைச்சிதானே, பேரு மட்டும்தானே மாறுது. நான் மனசாரத் தாறன்."

எனக்கு மார்க்கம் எல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் அறுத்த ஆட்டுக்கு நீங்க ஏன் பேர் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். லெப்பையிடம் அப்படி யாரும் பேசமாட்டார்கள். உன் வாப்பா என்னை அதட்டப்போகிறார் என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஹலாலான இறைச்சிக்குள்ள ஒரு பொய்யப் பொதிஞ்சு அனுப்ப எனக்கு ஏலா லெப்பை" என்று மெதுவாகச் சொன்னார். இரத்தத்துக்குப் பயந்த அந்த மனிதன் வேறு எதற்கும் பயந்ததை நான் கண்டதில்லை. லெப்பை கோபிக்கவில்லை. கயிற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எங்கள் அடுப்பில் சுட்டு, எங்கள் முன்னாலேயே சாப்பிட்டார்.

உன் வாப்பா சாக்குகளை மட்டக்களப்பு ரயிலில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார். நான் ஊரில் இருந்து ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். மாசிக்காரர் வேண்டாம் என்றால் எல்லாம் போச்சு, திரும்பிப் போகச் சாரன் வியாபாரமும் இல்லை. அங்கே நடந்ததை அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை சொல்லவைத்துக் கேட்டிருக்கிறேன். மாசிக்காரர் வழக்கம்போல, "லெப்பைதானே?" என்று கேட்டிருக்கிறார். இவர், "இல்ல, என்ட பொண்சாதி" என்றிருக்கிறார். மாசிக்காரர் பிரித்த சாக்கின் வாயை அப்படியே மூடிவிட்டாராம். இவருக்கு உயிர் போய் வந்திருக்கிறது. பிறகு, "நீ ஏன் அறுக்க இல்ல?" என்று கேட்டாராம். இவர் வெட்கத்தை விட்டு நடந்ததை எல்லாம் சொன்னார், கத்தியைப் பாதியில் எடுத்ததையும், அந்த ஆட்டை ஒதுக்கியதையும்கூட. மாசிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "எங்க தீவுல ஆம்புள எல்லாம் கடல்ல. வீட்டுல கோழி அறுக்குறது ஆரு? என்ட உம்மாதான்" என்று சொல்லிவிட்டு எல்லாச் சாக்கையும் எடுத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதைத்தான் நீ மனதில் வைக்கவேண்டும். "ஒதுக்கின ஆட்டப் பத்தி நான் கேக்கவும் இல்ல, நீ சொன்னாய். இனி உன்ட சாமானுக்கு நான் சாட்சி" என்றாராம். அடுத்த வருஷம் அவர் மூலம் வேறு இரண்டு மாசிக்காரர் வந்தார்கள். நீ விரல் மடக்கிச் சொன்ன எந்தக் காரணமும் அப்போது இல்லை, எண்ணெய்க் காசும் இல்லை, விமானமும் இல்லை. ஆனாலும் வியாபாரம் வளர்ந்தது.

கடலுக்கு அந்தப்பக்கம் சாப்பிட்டார்கள், இந்தப்பக்கம் சாப்பிடவில்லை. யார் அறுத்தது என்று ஊருக்கும் நாங்கள் மறைக்கவில்லை; ஊரில் விற்கவென்று மிச்சம் வைத்த வற்றலை ஒருவரும் தொடவில்லை. நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதைக் குறைத்தார்கள். பெண் அறுத்தாலும் ஹலால்தான் என்று லெப்பை வீடு வீடாகப் போய் மஸ்அலா சொல்லிப் பார்த்தார். பெண்கள்தான் கூடுதலாகப் பேசினார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். அந்த நேரத்தில் உன் ராத்தாவுக்கு ஒரு கலியாணச் சம்மதம் பேசி முடிந்திருந்தது. நல்ல இடம், பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று அவன் போவதை அவள் பார்ப்பாள், நான் காணாத மாதிரி இருப்பேன். அந்தச் சம்மதம் ஏன் முறிந்தது என்று நீ சின்னதில் கேட்டாய், நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். மாப்பிள்ளையின் உம்மா நாலு பேர் முன்னால் சொன்னது இதுதான்: "அந்த வளவுக்குள்ள என்ட மகன மாப்பிள்ளையா விட்டா அவன்ட கழுத்து மிஞ்சுமா?" எல்லோரும் சிரித்தார்களாம்.

உன் ராத்தா என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சமைத்தாள், தொழுதாள், கூட்டிப் பெருக்கினாள். எத்தனையோ நாள் அவளுடைய தலையணை உறையை நான் வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கத்தியைத் தொடவில்லை. கச்சான் தொடங்கும் முன்பே லெப்பையைப் படுவான்கரைக்குக் கூட்டிப்போய்க் கொட்டிலில் தங்கவைத்து வேலையை முடித்தோம். ஊர் மெல்ல மறந்தது. பிறகு உன் மச்சான், அந்த நெசவுக்காரப் பையன், உன் ராத்தாவைப் பெண் கேட்டு வந்தபோது, "நான் அறுத்த கதை தெரியுமா?" என்று நானே கேட்டேன். "தெரியும் மாமி, அதுதான் வந்தன். நல்ல சாப்பாடு கிடைக்கும்" என்றான். அன்றைக்கே அவன் எனக்கு மகன் மாதிரி ஆகிவிட்டான்.

இப்போது நான் எழுத வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். நோன்புக்கு முன் நம்முடைய லெப்பை மௌத்தானது உனக்குத் தெரியும், ஜனாஸாவில் நீதான் முன்னால் தோள் கொடுத்தாய். அப்போது உன்னுடைய துபாய்ப் பெட்டிகளுக்கு ஆடு வாங்கிக் கட்டியாகிவிட்டது. அடக்கம் முடிந்ததும் நீ திரும்பக் கொழும்புக்குப் போய்க் கப்பலுக்கும் கடதாசிக்கும் ஓடித் திரிந்தாய்; ஆடுகளை லெப்பை முன்னமே அறுத்து முடித்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். புது லெப்பை படுவான்கரைக்கு வர ஒத்துக்கொள்ளவில்லை, வாவியைக் கடந்து போய் வயலில் நின்று அறுப்பது தனக்கு மரியாதை இல்லையாம். உன் மச்சான் தறியில் கையை நசுக்கிக்கொண்டு கட்டுப்போட்டிருந்தான். வேறு ஆள் பார்ப்போம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் ராத்தா இடுப்பில் சீலையை இழுத்துச் செருகினாள். "உம்மா, கத்தி எங்க?" என்று கேட்டாள்.

நான் கொடுக்க மறுத்தேன். "ஒருக்காப் பட்டது போதாதா மகள்? உனக்கும் பொம்புளப் புள்ள வளருது" என்றேன். "நான் அண்டைக்கு உங்கட கையப் பாத்துக்கொண்டிருந்தன் உம்மா. அதுல ஒரு பிழையும் இல்ல. பிழை இல்லாததுக்கு நாம எத்தன வருசம் ஒளிக்கிற?" என்றாள். இவ்வளவு காலமும் அவள் என்மேல் மனக்குறை வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பேச்சில் நான் உட்கார்ந்துவிட்டேன். எழும்பிப் போய் எடுத்துக்கொடுத்தேன். காலைப் பிடிக்க நான் போனேன். அவள் என்னைவிட நன்றாக அறுத்தாள். இதைச் சொல்ல எனக்குப் பெருமை, என்ன செய்ய.

உன்னுடைய பெட்டிகள் இப்போது கப்பலில் போகின்றன. அவற்றிலுள்ள ஒவ்வொரு துண்டும் அவள் அறுத்தது. அவள் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாள்: "தம்பிக்குச் சொல்லவேணாம் உம்மா. அவன் வாழப்போற புள்ள, யாவாரம் கெட்டுப் போயிரும். லெப்பைர பேரச் சொல்லட்டும். மௌத்தான ஆள ஆரு போய்க் கேக்கப்போற?" நீ நிம்மதியாக இருக்கவேண்டும் என்று அவள் தன்னை மறைத்துக்கொள்கிறாள். நீயும் லெப்பையின் பெயரைத்தான் கடதாசிகளில் எழுதியிருப்பாய், தெரியாமல் எழுதியது குற்றமில்லை. இனித் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

துபாய்க்காரர்கள் மாசிக்காரர் மாதிரி இருப்பார்கள் என்று நான் உனக்கு வாக்குத் தர மாட்டேன். அவர்களை எனக்குத் தெரியாது. சாக்கின் வாயை மூடினவன் திறக்காமலே விடலாம். முதல் வியாபாரமே முறியலாம், உன் மாமனாரின் முகம் மாறலாம், நீ அங்கே தனியாக நின்று முழிக்கலாம். இவ்வளவும் தெரிந்துதான் எழுதுகிறேன். பெற்றவள் பிள்ளையின் பாதையில் முள்ளைப் போடுவாளா என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள். எனக்கு நீ மட்டும் பிள்ளை இல்லை.

ஒருமுறை இந்த ஊர் நாலு பேர் முன்னால் உன் ராத்தாவின் சம்மதத்தைச் சிரித்து முறித்தது. அன்று அவளுக்காகப் பேச வீட்டில் ஓர் ஆண் குரல்கூட எழும்பவில்லை, உன் வாப்பா வாயடைத்துப் போனார், நீ சின்னப்பிள்ளை. இப்போது நீ வளர்ந்துவிட்டாய். கடல் கடந்து போய், அறியாத மனிதர்கள் முன்னால் நம்முடைய இறைச்சியை எடுத்து வைக்கப்போகிறாய். அவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்காதே மகனே. நீயாகவே முதலில் சொல்லு: இதை அறுத்தது என் ராத்தா.

உன் உம்மா